சோகைக் குவியலும் பிளீச்சிங் பவுடரும்

மலர், குமரா, உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "கான்ட்ராக்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறீர்கள். காளானை வைத்துச் சோகையை உரமாக்குகிற வேலை என்று சொல்லுங்கள். அந்த வேலையிடத்தில் நடந்த ஒன்றை உங்களுக்காக எழுதுகிறேன்.

நகரியத்தை ஒட்டிய எங்கள் யார்டுக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து கரும்புச் சோகை, அதாவது வெட்டியபின் மிஞ்சுகிற காய்ந்த இலை, டிராக்டரில் வரும். முன்பெல்லாம் வயலிலேயே கொளுத்திவிடுவார்கள். நாங்கள் அதை நனைத்து, அடுக்கி, நடுநடுவே காளான் வித்து தூவி, சாக்குப் போட்டு மூடுவோம். கொஞ்ச நாளில் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை நூல் ஓடும். அதுதான் சோகையைத் தின்று மட்க வைக்கிறது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஆபீசர் வருகிறார் என்றால் முதல்நாளே ரோட்டோரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் விழும். அன்றும் சூப்பர்வைசர், "நாளைக்குப் பெரிய சார் வர்றாரு. எல்லா எடத்துலயும் பவுடர் போடும்மா" என்று அஞ்சலை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு ஊர் காடாம்புலியூர். முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கை வெந்துபோய், பெருக்குகிற வேலைக்கு எங்களிடம் புதிதாக வந்தவர். அவர் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது.

மறுநாள் காலையில் யார்டுக்குள் நுழைந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. முதல் குவியல் மேலெல்லாம் பவுடர்.

"என்னாக்கா இது?"

"சாக்க எடுத்துப் பாத்தா ஒரே பூஞ்சையா பூத்துகினு கெடக்குது தம்பி. பெரிய சார் பாத்தா நம்மளத்தான அசிங்கமா நெனைப்பாரு? அதான் அள்ளிப் போட்டேன்."

"அந்தப் பூஞ்சைதாங்க்கா இங்க வேலையே செய்யுது."

அக்கா கையிலிருந்த கூடை கீழே இறங்கியது. "அய்யய்யோ, கொன்னுட்டேனா? என்னிய நிறுத்திடுவாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஆபீசர் குவியலைப் பார்த்து முகம் சுளித்தார். "இதுல யாருய்யா பவுடர் போட்டது?"

சூப்பர்வைசர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். லேட்டாக வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிற மனிதர். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்காவுக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான்தான் சார். எல்லா எடத்துலயும் போடச் சொன்னேன். இதுல போடாதன்னு சொல்லல" என்றார் சூப்பர்வைசர்.

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னு சார்."

"நான் என்ன டெங்கு கொசுவாய்யா?"

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. "மேல இருக்கறத வழிச்சிட்டு மறுபடி வித்து போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

ஜீப் போனதும் சூப்பர்வைசர் அக்கா பக்கம் வந்தார். "ஏம்மா, உனக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி, இங்க வா" என்று அடுத்த குவியலைப் பிரித்து வெள்ளை நூலைக் காட்டி, என்ன செய்கிறது என்று சொன்னார்.

அக்கா குனிந்து பார்த்தார். "ராவும் பகலும் செய்யுதா? பாவம், நம்மள மாதிரி கான்ட்ராக்டா சார் இதுவும்?"

"இது பெர்மனென்ட்டும்மா" என்றார் அவர். அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம்.

பிள்ளைகளே, நாளைக்கு உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யலாம். இதைச் செய் என்று மட்டும் சொல்லாதீர்கள். எதற்கு என்றும் சொல்லுங்கள். சொல்ல மறந்தால், அந்த சூப்பர்வைசர் மாதிரி 'நான்தான்' என்று முன்னால் வந்து நில்லுங்கள்.

அன்று ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, நல்ல குவியலின் உள்ளேயிருந்து நூல் ஓடிய சோகை ஒரு கை எடுத்தேன். பவுடர் பட்ட குவியலை நெடி அடங்குகிற ஆழம் வரை தோண்டி, அதையே வித்தாக உள்ளே வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன்.