செஞ்சியில் செல்லும் அட்டைகள்

1963 மாசி மாதம் தர்மவதிக்கு வயது நாற்பத்தொன்று. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கோட்டைக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் அவருடைய சாப்பாட்டு விடுதி. கீழே முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்; மாடியில் ஏழு அறைகள். கல்லாவுக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை. 'இந்தக் கம்பெனிகளின் அட்டை இங்கே செல்லும்' என்ற தலைப்பின் கீழ் நான்கு சினிமா கம்பெனிகளின் பெயர்கள். ஐந்தாவது பெயரை எழுதுவதா, கூடாதா என்பதுதான் அந்த மாதம் கடைத்தெரு முழுக்கப் பேச்சு.

அட்டை என்றால் சாதாரண சிவப்பு அட்டைதான். ராஜா ராணி படம் எடுக்கிறவர்களுக்குச் செஞ்சிக் கோட்டை கட்டி வைத்த செட். மதராஸிலிருந்து லாரியில் வந்து இறங்குவார்கள். படைக்கும் கூட்டத்துக்கும் உள்ளூர் ஆட்களை எடுப்பார்கள். நூற்றுக்கணக்கான பேருக்குத் தினம் சில்லறை எண்ணிக் கொடுப்பது பெரிய பாடு. பேங்குக்குத் திண்டிவனம் வரை போகவேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அட்டை. அதில் கம்பெனி முத்திரை, மானேஜர் கையெழுத்து, ஒன்றரை ரூபாய் என்று எழுத்து. கம்பெனி மூட்டை கட்டுமுன் அட்டைகளை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்துவிடும். அதுவரை அந்த அட்டை ஊரில் ரூபாய் மாதிரி நடக்கும். சவரக்கடை வாங்கும், மண்ணெண்ணெய்க் கடை வாங்கும், வெற்றிலைக்காரி வாங்குவாள். ஆனால் வாங்குமுன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "தர்மவதியம்மா வாங்குதா?"

அந்த நிலைக்கு அவர் வந்தது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. அனந்தபுரம் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, செஞ்சியில் ஆதிநாதன் நைனாருக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவருக்கு வயலும் வேர்க்கடலையும் போதும். ஒரு கம்பெனியின் சமையல்காரன் பாதியில் ஓடிப்போன நாளில், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களுக்குத் தர்மவதி வீட்டிலிருந்து நாற்பது பேருக்கு இலை போட்டார். மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் வருடம் சாலையோரம் கட்டடம் எழுந்தது. உருளைக்கிழங்கு கிடையாது, வெங்காயம் கிடையாது. பொழுது சாய்ந்தால் அடுப்பில் நெருப்பும் கிடையாது. அது வீட்டு வழக்கம், விடுதிக்கும் அதுவே சட்டம். சினிமாக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மந்திரியும் சேனாதிபதியும் ஒட்டுத்தாடியை அவிழ்க்காமலே ஐந்தரை மணிக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.

அட்டையில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஜோதிமலை பிக்சர்ஸ் என்று ஒரு கம்பெனி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்த நேரத்தில் அதன் மானேஜர் தோல் பையோடு வந்து, கணக்கை முடித்துவிடலாம் என்று பையின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார். தர்மவதி பதறிவிட்டார்.

"ஐயையோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச நேரத்துல பணத்தக் கையவிட்டுக் குடுப்பாங்களா? உங்களுக்குத்தான் சார் ஆகாது. காலைல குடுங்க."

"நீங்க சொன்னா சரிம்மா" என்று மானேஜர் வாரை மறுபடி மாட்டினார். விடியுமுன் லாரிகள் கிளம்பிவிட்டன. அந்தப் பையைத் தூக்கி வந்த வண்டிக்காரர் தனகோட்டி பிற்பாடு சொன்னார்: "பையில ஏதும்மா பணம்? பூரா ஒட்டுத்தாடி." அரிசி மண்டிக்குக் கொடுக்கவேண்டியதற்காகத் தர்மவதி நான்கு வளையல்களை விற்றார். கடைத்தெருவில் பலர் வீட்டில் அந்த அட்டைகள் குழந்தைகள் விளையாடக் கிடந்தன. இனி ஒரு கம்பெனி அப்படிப் போனால் விடுதியையே விற்கவேண்டியதுதான் என்று நைனார் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் பலகை வந்தது.

பெரிய இடத்து ஆட்களும் இந்தப் பலகையோடு முட்டிப் பார்த்ததுண்டு. கோட்டை பார்க்க வந்த பம்பாய்க்காரர் ஒருவர் இரண்டு நாள் தங்கிவிட்டு, பணத்துக்குப் பதிலாகச் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பெரிய ஹோட்டல்களில் இதைக் காட்டினால் போதும், ஒரு கிளப்பு பிறகு பணம் அனுப்பிவிடும் என்று அவருடைய டிரைவர் தமிழில் சொன்னார். தர்மவதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கச்சிதமான அட்டை.

"பணம் குடுக்கற கிளப்பு எங்க இருக்குது?"

"பம்பாய்ல."

"செஞ்சிக்கு எப்ப வருவாங்க?"

டிரைவர் இதை மொழிபெயர்த்ததும் பம்பாய்க்காரர் வாய்விட்டுச் சிரித்து, இடுப்பிலிருந்து ரொக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டை எவ்வளவு அழகு என்பதல்ல, அதற்குப் பணம் கொடுக்கிறவர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்பதே தர்மவதியின் கணக்கு.

அந்த மாசியில் வந்து இறங்கியது பொன்வேல் சித்ரா. புதுக் கம்பெனி, பெரிய நடிகர். மானேஜர் கோதண்டராமன் விடுதிக்குள் வந்ததும் பலகையைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, போர்டுல நம்ம பேரு இல்லியே?"

"நீங்களே இப்பத்தான வர்றீங்க சார். பேரு மட்டும் முன்னாடி வந்துடுமா?"

"நூத்தம்பது சிப்பாய், இருபது குதிரை, ஒரு ராஜா. மூணு வாரம். மாடி முழுக்க எங்களுக்கு. போதுமா?"

"ரொம்ப சந்தோஷம். ராஜாவுக்கு மேக்கப் போடறவருக்கு பேட்டா எதுல குடுக்குறீங்க?"

பேட்டா என்பது வெளியூரில் வேலை செய்பவர்களுக்கு சினிமாவில் கொடுக்கும் தினப்படி. கோதண்டராமனுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று புரியவில்லை. "அவங்களுக்கெல்லாம் ரொக்கம். மெட்ராஸ் ஆளுங்க. அட்டை உள்ளூர்க்காரங்களுக்கு."

"அப்ப உங்கள நாங்கதான் நம்பணும். உங்க ஊரு ஆளு நம்ப வேணாம்."

"அப்படி இல்லம்மா..."

"மேக்கப்காரருக்கும், கார் டிரைவருங்களுக்கும், உங்களுக்கும் அதே செவப்பு அட்டையில பேட்டா குடுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை மத்தியானம் அட்டைய வாங்கிக்கினு பணத்தக் குடுங்க. இப்பவே பெயின்டரக் கூப்பிடறேன்."

"சிப்பாயும் மேக்கப்மேனும் ஒண்ணாம்மா?"

"எங்க பந்தியில ஒண்ணுதான் சார். ரெண்டு பேருக்கும் ஒரே ரசம்."

கோதண்டராமன் சிரித்துவிட்டுப் போனார். சாப்பாட்டைத் திண்டிவனத்திலிருந்து வேனில் வரவழைத்தார். முதல் நாள் சிப்பாய்களுக்கு அட்டை கொடுக்கப்பட்டது. சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர்கள் அப்படியே திரும்பினார்கள். ஒரு கடையும் வாங்கவில்லை.

அன்று தர்மவதிக்கு நல்ல வசவு கிடைத்தது. ஏசியது யாரோ அல்ல, விடுதிக்குக் கறிகாய் போடும் ரத்தினம்மாள். அவள் புருஷனும் மகனும் சிப்பாய் வேஷத்துக்குப் போயிருந்தார்கள்.

"ஏன்க்கா, உனக்கு மாடி இருக்குது, வயல் இருக்குது. எங்களுக்கு இன்னா இருக்குது? மூணு வாரக் கூலியில மண்ணப் போட்டுட்டியே!"

"அட்டைய வாங்கினாத்தான்டி மண்ணு. ஜோதிமலைக்காரன் அட்டைய உம் பேரன் பட்டத்துக்கு வாலா கட்டிக்கினு திரியறான், பாக்கல?"

"அவன் திருடன். எல்லாரும் திருடனா?"

தர்மவதி கறிகாய்க் கூடையை உள்ளே எடுத்து வைத்தார். கம்பெனி கோபித்துக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டால் ஊரே தன்னைத்தான் திட்டும் என்பது அவருக்குத் தெரியும். நைனாரின் பார்வையும் அதையே சொன்னது. ஆனாலும் பெயின்டரைக் கூப்பிடவில்லை.

இரண்டாம் நாள் காலை ராஜகிரி அடிவாரத்தில் படை நின்றது. ஆனால் கவசத்தை மாட்டவில்லை. தனகோட்டி குதிரைக்காரர்களுக்கு முன்னால் நின்று, மதராஸ்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அட்டை ஓடல சார். ஓடாத அட்டைக்கு நாங்க எப்படி ஓடறது? சண்டை சீன் வேற."

கூட்டம் சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. படப்பிடிப்பு நின்றால் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் போகும் என்பது கோதண்டராமனுக்குத் தெரியும். பத்து மணிக்குள் அவர் விடுதிக்கு வந்து, "எழுதச் சொல்லுங்கம்மா. எனக்கும் சேத்து செவப்பு" என்றார். மதராஸ் ஆட்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள்; மத்தியானம் பெயின்ட் காய்வதற்குள் மண்ணெண்ணெய்க் கடை அட்டை வாங்கத் தொடங்கிவிட்டது.

நடிகருக்குப் பத்து வருடமாக மேக்கப் போடுகிறவர் இளையபெருமாள். நல்ல சாப்பாட்டுப் பிரியர், அதைவிட நல்ல வியாபாரி. சிவப்பு அட்டை கொடுத்ததும் முதலில் முகம் சுளித்தார். அது செஞ்சியில் செலவாகிறது என்று தெரிந்ததும் சந்தோஷமாகிவிட்டார். மதராஸைவிடக் கடலை எண்ணெய் இங்கே மலிவு, செக்கு எண்ணெய் வேறு. அட்டைகளைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். வீட்டுக்கு இரண்டு டின் கொண்டுபோவதாகச் செக்குக்காரரிடம் சொல்லி வைத்தார். முதல் சனிக்கிழமை பணம் சரியாக வந்தது. கடைக்காரர்கள் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். ரத்தினம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயைக் காசு கேட்காமல் போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் சனிக்கிழமை பணம் வரவில்லை. முதலாளி பணம் புரட்டுகிறார், திங்கட்கிழமை வந்துவிடும் என்றார் கோதண்டராமன். அவர் குரலில் பொய் இல்லை; பயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தர்மவதி ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, பலகையில் ஐந்தாவது பெயர் மறைகிற மாதிரி ஆணியில் தொங்கவிட்டார். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"சிப்பாய்ங்களுக்கு இன்னிக்கு சோறு உண்டு, அட்டை வேணாம்" என்றார் அவர். "மாடியில இருக்கறவங்களுக்கு ரொக்கம்."

"அவங்ககிட்ட ரொக்கம் ஏதும்மா? நீங்கதான எல்லாத்தையும் அட்டையாக்க வச்சீங்க!" என்றார் கோதண்டராமன்.

"அதுக்குத்தான் ஆக்க வச்சேன் சார்."

நைனார் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே நின்றார். காசில்லாமல் நூற்றைம்பது பேருக்குச் சோறு போட்டால் நாளைக்கு அரிசி இல்லை. "தெரிஞ்சுதான் செய்யறியா?" என்று கேட்டார். "ஒரு நாளைக்குத் தாங்கும். ரெண்டு நாளைக்குத் தாங்காது" என்றார் தர்மவதி. குரல் அசையவில்லை, கரண்டி பிடித்த கை மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனது.

எட்டு மணிக்கு இளையபெருமாள் செக்குக்கடைக்குப் போனார். செக்குக்காரர் அவருடைய அட்டைகளைப் பார்க்கக்கூட இல்லை. "துண்டு எடுக்கட்டும், எண்ணெய் தர்றேன்." திரும்பி விடுதிக்கு வந்தால் இலை இல்லை. பக்கத்துப் பந்தியில் வேல் பிடிக்கிற ஆள் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு மட்டும் ஏம்மா இல்ல?"

"உங்க வாயி பெரிய வாயி சார். அவன் பசின்னு சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க சொன்னா கேப்பாங்க."

இளையபெருமாள் மாடியேறினார். பிறகு மேக்கப் பெட்டியைப் பூட்டி, சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, கோட்டைக்குப் போய் நடிகரின் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரை மணிக்கு ராஜா வேஷம் போடவேண்டிய நடிகர் கிரீடம் வைத்த தலையோடும் மேக்கப் இல்லாத சாதாரண முகத்தோடும் புளியமரத்தடியில் நாற்காலியில் இருந்தார். மதில்மேல் ஏறி வேடிக்கை பார்த்த கூட்டம் அவரை அடையாளம் தெரியாமல் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தது. அவர் விஷயத்தைக் கேட்டறிந்தார். கோதண்டராமனைக் கூப்பிட்டு இரண்டே வாக்கியம் பேசினார். மானேஜர் ஓடிப்போய், ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த தபால் ஆபீசைத் திறக்கவைத்து, மதராஸுக்கு டிரங்க் கால் போட்டார். நடிகர் மேக்கப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி முதலாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பியிருக்கவேண்டும்.

நாலு மணிக்கு ஒரு கறுப்புக் கார் சாலையில் தூசி கிளப்பிக்கொண்டு வந்து விடுதி வாசலில் நின்றது. கணக்குப்பிள்ளை ஒருவர் தகரப் பெட்டியோடு இறங்கினார். முதலில் கடைத்தெரு, பிறகு சிப்பாய்கள், கடைசியில்தான் மாடி என்றார் தர்மவதி. மறுபேச்சில்லாமல் அப்படியே நடந்தது. அன்றைய சோற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கக் கோதண்டராமன் தானாகவே முன்வந்தார். தர்மவதி வேண்டாமென்று சொல்லவில்லை.

"எங்கயும் இந்த மாதிரி நடந்ததில்லம்மா" என்றார் அவர். கோபமா மெச்சலா என்று தெரியவில்லை.

"எங்கயும் மேக்கப்காரருக்கு அட்டை குடுத்திருக்க மாட்டீங்க" என்றார் தர்மவதி. அவர் துண்டை ஆணியிலிருந்து எடுத்து உதறி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். இளையபெருமாளுக்கு இலை போடச் சொன்னார். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மறுநாள் பொன்வேல் சித்ரா தளவானூர் குகைக்கோயில் பக்கம் வேலையைத் தொடங்கியது. அங்கே இருந்த பத்து நாளும் சோற்றுப் பாத்திரங்களைத் தனகோட்டியின் வண்டி தர்மவதியின் விடுதியிலிருந்து கொண்டுபோனது.