கல் சந்தில் படுத்த சுறா

காலை ஒன்பது இருபது. உத்திரமேரூர் சந்தையில், செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறக்கிய மீன் கூடையில், ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு செவுள் அசைவதைப் பார்த்தேன். மற்ற மீன்கள் விறைத்துக் கிடந்தன. இது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு, சாம்பல் நிறம், மூக்கருகே இரண்டு சிறு மீசை. சுறா.

கூடைக்காரம்மா சாக்கை இழுத்து மூடினார்.

"இன்னா நைனா, அப்பிடி மொறைக்கிற? விடிகாலைல வலையில வந்துச்சு, இன்னும் சாவல. பகலெல்லாம் கடலுக்கு அடியில, கல்லு சந்துல படுத்துக்கினு கெடக்கும். இருட்டினாத்தான் மேயப் போவும்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் இன்னாத்துக்குக் கடலுக்குள்ள போறேன்? எங்க வூட்டுக்காரரு சொல்வாரு."

நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வட்டார நிருபர். அவர் சொன்னதை எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் அதே தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் உதவி ஆசிரியரின் சிவப்பு மை: "நீந்துவதை நிறுத்தினால் சுறா செத்துவிடும் என்கிறார்களே. இது படுத்திருப்பதை நேரில் கண்டவர் யார்?"

கேள்வி சரியானது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பதிலோடுதான் அதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்த அம்மாளின் குப்பத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர்கள் வலை போடுகிறவர்கள், மூழ்குகிறவர்கள் அல்ல. "பாறைய நான் காட்றேன். எறங்க ஆளு நீயே இட்டுக்கினு வா" என்றார் அவர் கணவர்.

மூழ்குகிற ஆள் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்திலேயே இருந்தார். மானாம்பதி ஓரத்துக் குடியிருப்பில் இருந்தவர். அறுப்பு நாளில் கூலி வேலை. மற்ற நாளில், கிணற்றில் விழுந்த தவலையோ குடமோ எடுக்க அவரைக் கூப்பிட ஆள் விடுவார்கள். வயது நாற்பது. கடலைப் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேப்பர்ல எம் பேரு வருமா சார்? மானாம்பதின்னு ஊரும் போடணும். கெணத்துல எவ்ளோ எடுத்துக் குடுத்தாலும் ஒருத்தனும் பேரச் சொல்றதில்ல."

"போடுவேன்" என்றேன்.

மாசி மாதம், கடல் தணிந்திருந்தது. கூடைக்காரம்மாவின் கணவருடைய கட்டுமரத்தில் மூவரும் போனோம். நங்கூரக் கல்லைப் பாறையருகே இறக்கியதும், கிணற்றில் குதிப்பதுபோல் அவர் கால் முன்னே விட்டு நேராகக் குதித்தார். அறுபது அடி தள்ளி எழுந்தார்.

"சார், தண்ணி நடக்குது!"

"பின்ன, உன்ன பாத்துட்டு உக்காந்துக்குமா?" என்று சிரித்தார் கட்டுமரக்காரர். "கயித்தப் புடிச்சிக்கினு எறங்குய்யா. கண்ணத் தொறந்து பாரு."

இரண்டாம் முறை கயிற்றைப் பிடித்து, கண்ணைத் திறந்து இறங்கினார். கண் எரிந்ததுதான் மிச்சம். "ஒண்ணுமில்ல, கல்லுதான்" என்றார். கட்டுமரக்காரர் துடுப்பை எடுத்தார். இன்னொரு முறை என்றேன்.

மூன்றாம் முறை அவர் தம் வழக்கப்படி இறங்கினார். சேற்றுக் கிணற்றில் கண்ணால் பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மூலை மூலையாகத் தடவுவார்கள். அப்படித் தடவியதில் பாறை இடுக்குக்குள் கை போயிருக்கிறது. மேலே வந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"கீது சார். தலைலேர்ந்து வால் பக்கம் தடவுனா வழவழன்னு கீது, திருப்பித் தடவுனா உப்புத்தாள் மாதிரி. எருமையாட்டம் படுத்துக்கினு கீது. நவுரல."

"புடிச்சு இழுத்தாந்துடு" என்றார் கட்டுமரக்காரர்.

"தூங்கறத இன்னாத்துக்குய்யா இழுக்கறது? மேல இட்டாந்தா, படுத்துக்கினு இருந்துச்சுன்னு யாரு நம்புவா?"

அவர் சொன்னது சரி. அதைக் கிடந்த இடத்தில்தான் பார்க்கவேண்டும். சட்டையைக் கழற்றினேன். ஏரியில் நீந்திய பழக்கம் மட்டும்தான் எனக்கு. இரண்டு ஆள் ஆழம். காது வலித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கையை இடுக்கின் வாயில் வைத்தார். கலங்கலில் முதலில் வால் தெரிந்தது, பிறகு உடல். வயிறு மணலில் படிந்திருந்தது. துடுப்புகள் அசையவில்லை. செவுள் திறந்து மூடியது. ஆறு வரை எண்ணினேன், மூச்சு முட்டியது.

அன்று மாலையே செங்கல்பட்டு தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவர் பெயரும் மானாம்பதியும் முதல் வரியில் இருந்தன. சிவப்பு மைத் தாளையும் சேர்த்து உறையில் போட்டு ஒட்டினேன்.

ஆறாம் நாள் செய்தி வந்தது, பதினொரு வரி. முதல் வரி: "மாமல்லபுரம் அருகே மீனவர் ஒருவர் கடலில் மூழ்கி, பாறை இடுக்கில் சுறா ஒன்று படுத்திருக்கக் கண்டார்."