வழியில் திறந்த கேன்

அன்று சோதனை நடந்த இருட்டறையில் இருந்தது மூன்றே பேர்: சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர், ஜீப் டிரைவர், கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மலையேறி வந்த நான்.

காவலூர் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்க்கும் கேமராவைக் குளிரவைக்க, கீழேயிருந்து திரவ நைட்ரஜன் கொண்டுவருவோம். அந்த முறை மாணவருக்கென்று தனியாக ஒரு கேன், மிகச் சுத்தமானது. எதற்கு என்று முந்தின நாளே கேட்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவன் என்று பாராமல் சொன்னார். லேசர் வெளிச்சம் பட்டால் மூலக்கூறு அதிரும். பல திரவங்களில் அந்த அதிர்வு அக்கம்பக்கத்தில் இடித்து உடனே சூடாகிவிடும். நைட்ரஜன் அதிர்கிற வேகத்துக்குப் பக்கத்திலிருப்பவை மெல்ல இடிப்பது ஈடாகாது. தன்னைப் போன்ற இன்னொன்றுக்குத்தான் அதிர்வைக் கைமாற்றும், அதனால் வெகுநேரம் நிற்கும். எவ்வளவு நேரம் என்று அளப்பதுதான் அவருடைய மூன்று வருஷ வேலை. காற்றிலிருந்து ஆக்சிஜன் துளி கலந்தாலும் அது அந்த அதிர்வை வாங்கித் தீர்த்துவிடுமாம்.

"மூடி லூசாத்தான் இருக்கும், ஆவி தானா போய்க்கும். வழியில தொறக்காதீங்க," என்றார்.

எனக்கோ எதற்கெடுத்தாலும் பயம். முதல் வளைவிலேயே கேன் உஸ்ஸென்றது. வெடித்துவிடுமோ என்று மூடியை எடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும்.

"இன்னாண்ணே, கேனுக்கு மூச்சு முட்டுதா?" என்று டிரைவர் சிரித்தான்.

வந்து சேர்ந்ததும், பத்திரமாகக் கொண்டுவந்ததற்கு என்று மாணவர் பணம் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சோதனை தொடங்கியது. காகிதத்தில் பேனா வரைந்த கோடு, மெல்லச் சரிய வேண்டியது, சட்டென்று விழுந்தது. மறுபடியும் அப்படியே.

"வழியில தொறந்தீங்களா?"

"இல்லீங்க சார். தொடவே இல்ல."

டிரைவர் தரையைப் பார்த்தான். மாணவர் கருவியின் கண்ணாடிகளைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் துடைத்தார். கருவியில்தான் கோளாறு, தன் கைதான் சரியில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"எதுக்குண்ணே சொல்லல? அடிச்சிடவா போறாரு?" என்று இரண்டாம் நாள் ராத்திரி டிரைவர் வெளியே வந்து கேட்டான். மறுநாள் சொல்லலாம் என்றேன். மறுநாள் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திறக்காத கேன் என்று நம்பி அவர் கொடுத்த பணத்தை நான் இன்னும் திருப்பித் தரவில்லை. பதினைந்து ரூபாய்.