பால்கனியில் கட்டிய டிவிடி

2006-ஆம் வருஷம், சித்திரை வெயில். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் நான் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெண் என்பதால் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பெயர் சூட்டுவது என்று பெண்கள் கூடுகிற விசேஷங்களுக்கு என்னைத் தேடி வருவார்கள். ஆம்பிளை கேமராவோடு நின்றால் பாதிப் பேர் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள், நான் நின்றால் யாரும் போகமாட்டார்கள். ஊரப்பாக்கம், செங்கல்பட்டு, கல்பாக்கம் என்று பஸ்ஸிலும் ரயிலிலும் ஓடி ஓடி இடுப்பு விட்டுப்போயிருந்த காலம் அது.

அதற்கு முந்தின வருஷம்தான் ஃபிலிமை விட்டுவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அதில் ‘ரா’ என்று ஒரு வகை ஃபைல் உண்டு. பழைய நெகட்டிவ் மாதிரி, கேமரா பார்த்தது அத்தனையும் அதில் இருக்கும், இருட்டில் விழுந்த முகத்தைக்கூட மீட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். நானும் அதிலேயே எடுக்க ஆரம்பித்தேன். ஆனால் என்னிடம் இருந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் பழசு. அந்த ஃபைலை நேராகத் திறந்தால் ‘இது என்ன வகை என்று தெரியவில்லை’ என்று மறுத்துவிடும். கேமரா பெட்டிக்குள் இதற்கென்றே ஒரு சிடி வந்திருந்தது. அதைப் போட்டுப் படித்துக் கற்றுக்கொள்ள யாருக்குப் பொறுமை? படங்களை அடுக்கிவைக்கிற லைப்ரரி சாஃப்ட்வேர் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் படத்தைத் தேர்ந்தெடுத்து ‘எடிட்’ என்று தட்டினேன், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எடிட்டிங் சாஃப்ட்வேரில் போய்த் திறந்துகொண்டது. அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரி இந்தக் கூடுவாஞ்சேரியில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் இடம் போதாது. அதனால் ஆல்பம் முடிந்ததும் ‘ரா’ ஃபைல்களை டிவிடியில் எழுதி, "இதான் உங்க நெகட்டிவ்" என்று வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் இருப்பதை அழித்துவிடுவேன். அழித்த பிறகும் லைப்ரரியில்தான் எல்லாப் படமும் தெரிகிறதே, அப்புறம் என்ன என்ற நினைப்பு. டிவிடி திறக்கவில்லை என்று யாராவது போன் செய்தால், "உங்க கம்ப்யூட்டர்ல அதெல்லாம் திறக்காதுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

அந்த மத்தியானம் ஒருவர் படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். இரண்டு மாசத்துக்கு முன்னால் அவருடைய மகளின் வளைகாப்புக்கு நான்தான் போயிருந்தேன். இப்போது முகத்தில் தாடி, கையில் நான் செய்து கொடுத்த ஆல்பம்.

"சம்சாரம் தவறிட்ச்சும்மா. நெஞ்சு வலின்னு உக்காந்துச்சு, அவ்ளோதான்" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மாலை போட ஒரு படம் வேண்டும். வோட்டர் கார்டைத் தவிர அந்த அம்மா தனியாகப் படமே எடுத்துக்கொண்டதில்லையாம். இதற்காக மட்டும் அவர் அவ்வளவு தூரம் வரவில்லை. மகளுக்கு நிறைமாசம். வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் அவளை வேறொரு வீட்டில் உட்காரவைத்துவிட்டு, இங்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள்.

"அம்மா மூஞ்சிய கடைசியா பாக்கலன்னு அழுதுகினே கீதும்மா. சோறு துன்ன மாட்டேங்குது. ஒரு படமாச்சும் பெருசா, கண்ணு மூக்கு தெரியறா மாரி குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

ஆல்பத்தில் அவர் காட்டிய படத்தில், மகளின் கையில் வளையலைப் போட்டுக்கொண்டே அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கிறார். பின்னால் ஜன்னல், அதனால் முகம் இருட்டு. கையளவுப் படத்தில் அது உறுத்தவில்லை. லைப்ரரியில் தேடி, வழக்கம்போல எடிட்டிங்குக்கு அனுப்பிப் பெரிசாக்கினேன். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் தோல் சாம்பல் பூசிய மாதிரி ஆனது. ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். அவர் பக்கத்து ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அலுத்துப்போய், "அம்மா ஜன்னலுக்கு முன்னாடி வந்து நின்னுட்டாங்க சார். அதான் இப்படி" என்றேன். நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் கோபப்படவில்லை. நாளெல்லாம் மீட்டரில் எண் பார்க்கிற வேலை அவருக்கு. திரையின் அடியில் படத்தின் அளவைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ பெரிய கேமரால எடுத்தது, இத்தினிக்கூண்டா கீது? இது அசலாம்மா, காப்பியா?"

அசல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே சந்தேகம் வந்தது. காலையில் ஒரு பெயர் சூட்டு விழாவில் எடுத்த படங்கள் கேமரா கார்டில் இருந்தன. பரண் மேலிருந்த கேமரா பெட்டியை இறக்கி, சீல் பிரிக்காத அந்த சிடியைப் போட்டு, அதன் வழியாக ஒரு படத்தைத் திறந்தேன். திரை கொள்ளாமல் விரிந்தது. குழந்தையின் இமை முடியை எண்ணலாம் போலிருந்தது. அதே படத்தை லைப்ரரி வழியாக அனுப்பிப் பார்த்தேன், சுண்டிப்போன ஒரு நகல்தான் வந்தது. பார்ப்பதற்காகக் கேமரா ஒட்டி வைக்கிற சின்னப் படத்தைத்தான் அந்த லைப்ரரி தன்னிடம் எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை மாசமாக எடிட்டிங் பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதையே அசல் என்று நம்பி, அசலையெல்லாம் அழித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"உங்க வீட்ல நான் குடுத்த டிவிடி இருக்குமே சார்?" என்று கேட்டேன்.

சிடியைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே அவரோடு கிளம்பினேன். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். குவார்ட்டர்ஸில் முதல் மாடி வீடு. மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. டிவிடி எங்கே என்று கேட்டதற்குப் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினாள்.

புறா வராமலிருக்க பால்கனிக் கம்பியில் நைலான் கயிறு போட்டு அதைக் கட்டியிருந்தார்கள். திறக்கவே திறக்காத தட்டு, பளபளப்பாவது உதவட்டுமே என்று அந்த அம்மாதான் கட்டினாராம். கடல் காற்றில் ஆடி ஆடிக் கம்பியில் உரசி, பின்பக்கம் முழுக்கக் கீறல்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒவ்வொரு ஃபைலாக இழுத்தேன். பெரும்பாலும் பாதியில் நின்று, படிக்க முடியவில்லை என்று வந்தது. வளையல் போடும் அந்தப் படத்தை ஏழெட்டுத் தடவை முயன்றேன். வரவே இல்லை. மகள் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. நான் கும்பிடாத சாமி இல்லை.

மொத்தமாகத் தேறியவை பதினோரு ஃபைல்கள். அதில் ஒன்றில் மட்டும் அந்த அம்மா இருந்தார். வளையல் போட்டு முடித்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி யாரிடமோ கத்துகிறார். வாய் திறந்திருக்கிறது, நெற்றியில் முடி கலைந்து கிடக்கிறது. நான் வேஸ்ட் என்று ஒதுக்கி ஆல்பத்தில் சேர்க்காத படம். முகம் இதிலும் இருட்டுதான். கேமரா சிடியில் இருந்ததை ஏற்றி, படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். சாம்பல் பூக்கவில்லை, கட்டம் உடையவில்லை. மூக்குத்தி தெரிந்தது, கன்னத்து மச்சம் தெரிந்தது, வேர்வை தெரிந்தது. மாநிறம் மாநிறமாகவே வந்தது.

மகள் எட்டித் திரையைத் தொட்டாள். "பாயசத்துல முந்திரி போட மறந்துட்டாங்கன்னு சித்திய திட்டிகினு இருந்துச்சுக்கா. இப்டிதான் இருக்கும் எங்கம்மா" என்றாள். பிறகு அழுதாள். வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, அவளாகவே அப்பாவிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

மாலை போட்டு நடுக்கூடத்தில் அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள். துக்க வீட்டுப் படத்தில் வாய் திறந்திருக்கலாமா என்று உறவில் யாரோ கேட்டதற்கு, அவர் மாலையை நேராக்கிவிட்டு நகர்ந்துவிட்டாராம்.

அன்றைக்கு என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது அவர் சொன்னார்: "நல்ல படம் போச்சேன்னு மனசுல வச்சுக்காதம்மா. புறா தொல்லைக்கு அவதான் எட்த்து கட்டி வுட்டா. உன் மேல இன்னா தப்பு கீது?"

அசல் என்னிடம் இருந்திருக்க வேண்டும், சோம்பேறித்தனத்தில் அழித்தது நான், போன் செய்து கேட்ட வீட்டுக்காரர்களை வெடுக்கென்று பேசி வாயை அடைத்ததும் நான். வாய்வரை வந்தது. பஸ் வந்துவிட்டது, களைப்பாக வேறு இருந்தது, தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எந்தப் படமானாலும் அசலைத்தானா திறக்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன், எதையும் இரண்டு இடத்தில் எழுதி வைக்காமல் அழிப்பதில்லை. அதெல்லாம் பழகிவிடுகிற விஷயம். ஆனால் அந்த வீட்டில் இன்றைக்கும், தன்னுடைய நல்ல படத்தைத் தானே பாழாக்கிக்கொண்டவர் என்றுதான் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியில்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தும், நான் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.