மாசிலாமணி திட்டாத நாட்கள்

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார் மாசிலாமணி. அபிராமபுரத்து அடுக்குமாடிகளில் தண்ணீர் மோட்டார் புகைந்தால் வாட்ச்மேன்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அறுபத்து மூன்று வயது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது மாரடைப்பு. ஆதம்பாக்கத்திலிருந்து மகள் டயானா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நினைவுக் கூட்டத்தை நந்தனத்தில், சபை கூடுகிற ஹாலிலேயே ஞாயிறு மாலை வைத்திருந்தார்கள். பாஸ்டர் அறிவு போனில் பேசினார்.

"சிஸ்டர், கடைசியில நீங்க அப்பாவைப் பத்திச் சாட்சி சொல்லணும். பரிசுத்தமா வாழ்ந்த மனுஷன். அதை மக வாயால கேட்டா நல்லாயிருக்கும்."

சரி என்று சொல்லிவிட்டாள். பிளஸ் டூ முடிக்கும் சமயம் அம்மா இறந்தாள். அதோடு டயானா சபைக்குப் போவதை நிறுத்தினாள். பதின்மூன்று வருடம் ஆகிறது. அப்பா வற்புறுத்தவில்லை. எப்போதாவது இயேசுவைப் பற்றிச் சொல்வார், அவள் காதில் வாங்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை கடையைக் காலி செய்யப் போனபோது ஒரு நோட்டு கிடைத்தது. முன்பக்கங்களில் எந்த மோட்டாருக்கு எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்ற குறிப்புகள். கடைசிப் பக்கங்களில் வேறு ஏதோ. இடப்புறம் தேதி, வலப்புறம் ஓர் எண். 1, 2, 3. பிறகு 1. மறுநாளும் 1. பிறகு 2, 3, 4, 5. மறுபடி 1.

டயானாவின் வேலையே இதுதான். ஓர் இயந்திரம் ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்கிட்டு, ஏன் என்று கண்டுபிடிப்பது. கடை ஸ்டூலில் உட்கார்ந்தே லேப்டாப்பில் எல்லா எண்களையும் ஏற்றி வரைபடம் போட்டாள். ரம்பப் பல் மாதிரி வந்தது. ஆரம்பத்தில் சின்னப் பற்கள். போகப் போக உயரம். அறுநூற்று முப்பத்தொரு நாட்கள், தொண்ணூற்று நான்கு முறை ஒன்றுக்குத் திரும்பியிருக்கிறது. கடைசிப் பல் 118 வரை ஏறுகிறது. அதன் பிறகு எழுதவில்லை.

முதல் தேதி அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம். அம்மா போய் ஆறு மாதம். இரட்சிக்கப்படுவதற்கு முன்னால் அப்பா நன்றாகக் குடித்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதே வருடம்தான் சனிக்கிழமைதோறும் தி.நகர் பஸ் நிலைய வாசலில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி கொடுப்பதையும் நிறுத்தினார். முட்டி வலி என்றார். ஹாஸ்டலில் இருந்தவள் நம்பினாள். குடிக்காத நாட்களின் கணக்கா இது? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று என்ன சொல்வது?

பக்கத்துக் கடையில் மிக்ஸி பழுது பார்க்கும் டில்லிபாபு எட்டிப் பார்த்தார்.

"மாமா, மறைக்காம சொல்லுங்க. அம்மா போனப்புறம் அப்பா குடிச்சாரா?"

"ஐய, இன்னா பேச்சு இது. டீயே அரை கிளாஸ் உட்டுட்டு வெச்சிருவாரு உங்கப்பாரு."

நோட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

"இந்த டைம்லதான் ஒருநாள் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு வந்தாரு. 'டில்லி, என் சாட்சி கெட்டுப்போச்சு'ன்னாரு. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. எந்தக் கோர்ட்ல நைனா கேஸு, எக்மோர்ல நமக்குத் தெரிஞ்ச வக்கீலு ஒர்த்தர் கீறாரு, பேசலாம் வான்னு சட்டைய மாட்டிட்டேன்."

டயானாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. அந்தச் சொல்லை அவள் வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்தவள். கர்த்தர் செய்ததைச் சபையில் எழுந்து சொல்வது சாட்சி. சொல்லாமலே ஒருவன் நடந்துகொள்கிற விதமும் சாட்சிதான். கெட்டுப்போவது இந்த இரண்டாவது.

"எதனால கெட்டுப்போச்சாம்?"

"வக்கீல் வேணான்னாரு, அவ்ளோதான். நீ கங்கம்மாவக் கேளு. அதாண்டதான் எப்பவும் தகராறு."

கங்கம்மா நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து சந்து முனையில் மீன் விற்பவள். குடையைச் சாய்த்து டயானாவுக்கு நிழல் கொடுத்தாள்.

"உனுக்கு உங்கப்பன் வாயி தெரியாது. வூட்ல நல்ல புள்ள. கடைல உக்காந்து எண்ண ஆரம்பிச்சா வேற ஆளு."

இது டயானாவுக்குத் தெரியாதது. எண்ணுவது தெரியும். காயில் சுற்றும் மெஷினில் எண் காட்டும் பகுதி எப்போதோ உடைந்துவிட்டது. வாயாலேயே எண்ணிச் சுற்றுவார். நடுவில் கணக்கு தவறினால் சுற்றியதை எல்லாம் பிரித்து மறுபடி தொடங்க வேண்டும்.

"நான் வர்றது பத்தரை மணிக்கு. சங்கரா, நெத்திலின்னு ஒரு கொரலு உடுவேன். உள்ள எம்பத்தி மூணோ நாலோ போய்க்கினு இருக்கும். கணக்கு பூட்ச்சு. எங்காத்தா, அவங்காத்தா, ஒர்த்தரையும் உடமாட்டாரு. அப்டியே ஒரு சனிக்கெழம சாய்ந்திரம் பை நெறைய நோட்டீஸ எட்த்துக்கினு கெளம்புனாரு. எனக்கும் ஒண்ணு நீட்டினாரு. இன்னா போட்டுக்கீதுன்னு கேட்டேன். இயேசு அன்பானவருன்னாரு. நைனா, காலைல எங்காத்தாள இஸ்த வாயி, சாய்ந்திரம் அவர் பேரச் சொல்லுது, அவருக்கு ஒரு மாதிரியா இருக்காதான்னேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"காய்தத்த வாங்கிப் பைல போட்டுக்கினு கடைக்கே திரும்பிப் பூட்டாரு."

டயானா நோட்டைத் திறந்தாள். முதல் தேதி ஒரு திங்கட்கிழமை, சனிக்கு அடுத்துக் கடை திறக்கும் நாள். இவை திட்டாத நாட்கள். கங்கம்மாவுக்கு அதை விளக்கினாள். அவள் குனிந்து, ஈரக் கை படாமல் பக்கத்தைப் பார்த்தாள்.

"இங்க இங்க ஒண்ணு ஒண்ணா கீதே?"

"அன்னிக்கு மறுபடி திட்டியிருக்கார்."

"பாதி என்னாலதான்," என்றாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள், உடனே முகம் மாறிவிட்டது. "சும்மாவே கத்துவேன் கண்ணு. அந்தாளு கத்தட்டும்னே கத்துவேன்."

"எப்போதான் நின்னுது?"

"எனக்குத் தெரிய நாளாச்சு. கொரல் குடுத்தா உள்ள சத்தமே இல்ல. கம்பி பிரிக்கிறது மட்டும் கேக்கும். ஒருவேள காது பூட்ச்சோன்னு உள்ள போயி, ஒடம்பு சொகமில்லியா நைனான்னேன். சிரிச்சாரு. 'காது நல்லாத்தான் கீது கங்கம்மா, இயேசுவாண்ட பேசிக்கினு கீறேன்'னாரு. எனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தக் காய்தத்தக் குடுன்னு நானே கேட்டேன். எனுக்குப் படிக்கத் தெரியாது, நீயே படின்னேன். முழுசாப் படிச்சாரு. மீனு வெயில்ல கெடந்துது."

அன்றைக்குத்தான் 118 ஆக இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவர் தி.நகருக்குப் போனார் என்றும் கங்கம்மா சொன்னாள்.

"நீங்க சபைக்கு வர்றீங்களா?"

"எங்கம்மன நான் உடல. ஆனா வெள்ளிக்கெழம ஜெபத்துக்குப் போயி ஓரமா உக்காருவேன். உங்கப்பன் வாய அடக்குனவரு யாருன்னு பாக்கணும்ல."

ஞாயிறு மாலை ஹால் நிறைந்திருந்தது. டயானா நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"அப்பா பரிசுத்தமா வாழ்ந்தார்னு பாஸ்டர் சொன்னார். அப்பா கெட்ட வார்த்தை பேசுவார். விடணும்னு முயற்சி பண்ணி, அறுநூற்று முப்பத்தொரு நாளில் தொண்ணூற்று நாலு தடவை தோத்திருக்கார்."

பாஸ்டர் தரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து கங்கம்மாவின் குரல் வந்தது.

"கம்மியாச் சொல்லுது. ஒருநாளைக்கு எத்தினி தபா திட்டினாலும் ஒண்ணாத்தான் எழுதிக்கீறாரு."

முதலில் சிரித்தது டில்லிபாபு. பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கும் வரை டயானா காத்திருந்தாள். சிரிப்பினூடே பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரிந்தது.

"என் வேலையில தினமும் இதைப் பார்க்கிறேன். பழுதாகிற மெஷின் தானாகத் தன்னைச் சரிபண்ணிக்காது. அப்பா எழுதின கணக்கை வரைபடமாப் போட்டா, ரம்பப் பல் மாதிரி வருது, போகப் போகப் பல் உயரமாகுது. அப்படின்னா உள்ளே யாரோ கைவைக்கிறாங்க. யாருன்னு அப்பா என்கிட்ட எத்தனையோ தடவை சொன்னார். கங்கம்மா கேட்டாங்க. நான் கேட்கலை."

தண்ணீர் குடித்தாள்.

"இப்போ தெரிஞ்சுக்கணும். அவர் இல்லை, அதனால உங்களைத்தான் கேட்கணும். பாஸ்டர், அடுத்த ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு?"

பாஸ்டர் அறிவு மைக்கை வாங்கி, ஒன்பதரைக்கு என்றார்.