லோர்னா வாங்கிய துப்பாக்கி

மானைக் குறி தப்பவிட்டவரின் சட்டையில், பின்பக்கம் கீழே ஒரு கை அகலம் வெட்டி, பெயரும் வருஷமும் எழுதி, வேட்டை முகாமின் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டுவார்கள். வெண்டலின் சட்டைத் துண்டுகள் மூன்று அங்கே தொங்கின. மூன்றிலும் அவர் பெயர் இல்லை. 'லோர்னாவின் துப்பாக்கி' என்று அவரே எழுதிவைத்திருந்தார். எழுதியபோது எல்லோரும் சிரித்தார்கள். லோர்னாவின் அண்ணன் ஹார்லனும்தான்.

லோர்னா வெண்டலின் மனைவி. சாலையோர உணவகத்தில் காபி ஊற்றியவள். ஓடை பெருகி வீட்டின் நிலவறையில் புகுந்து அவருடைய பழைய துப்பாக்கியைத் துருவாக்கிய வருஷம், கிறிஸ்துமஸுக்கு இதை வாங்கி வந்தாள். இரும்புக் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. தோளில் பதிக்கும் கட்டை வெறும் பிளாஸ்டிக். அதைத் தோளில் வைத்துப் பார்த்த வெண்டல், "லேசா இருக்கு" என்றார். அதற்கே அவள் முகம் மலர்ந்தது.

அவர் மரலாரி ஓட்டியவர். பனியில் சறுக்கும் மலைச்சாலைகளில் முப்பது வருஷம் ஒரு மரத்தைக்கூடக் கீழே விட்டதில்லை. ஆகவே குறி தப்பியபோது தப்பியது துப்பாக்கிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் வாங்கிச் சுட்டுப்பார்ப்பது அந்த முகாமில் வழக்கமும் இல்லை.

மூன்றாம் வருஷம் குண்டு ஒரு கலைமானின் பின்னங்காலில் பட்டது. இருட்டும்வரை பனியில் ரத்தத்தைத் தொடர்ந்தார், மான் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில், "உன் மலிவுத் துப்பாக்கி ஒரு ஜீவனை நொண்டியாக்கிடுச்சு" என்றார்.

 மறுநாள் லோர்னா இரும்புக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். வசந்தத்தில் மருத்துவமனைக் கட்டிலில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தபோதும் அதைத்தான் சொன்னாள்.

"வெண்டல், குழலை மட்டும் மாத்தினாப் போதுமாம். மாத்திடு. நான்தான் பார்த்து வாங்கத் தெரியாம வாங்கிட்டேன்."

"சரி" என்றார் அவர். அந்த வாரமே அவள் இறந்துபோனாள்.

இலையுதிர்காலத்தில் புதுக் குழல் தபாலில் வந்தது. ஹார்லன் நிலவறைக்கு வந்து உதவினார். பழைய குழலை வைஸ் இடுக்கியில் இறுக்கி, அதைப் பிடித்திருந்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, சூடுகாட்டி, ஸ்பேனரால் திருகினார்கள். நட்டு அசையவில்லை. வெண்டல் உளியை எடுத்தார்.

"மச்சான், மரை போயிடும். அப்புறம் பழசைத் திரும்ப மாட்ட முடியாது" என்றார் ஹார்லன்.

"எதுக்குடா மாட்டணும் இந்தக் கருமத்தை?" என்று ஓங்கி அடித்தார். மரை சிதைந்துதான் கழன்றது.

புதுக் குழலைத் திருகி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு அளவுக்கட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். தோட்டா அறையை அடைக்கும் போல்ட், மூடவேண்டிய கட்டையில் மூடியது. மூடக்கூடாத கட்டையில் மூடவில்லை. "இனிமே தப்பினா வேட்டையையே விட்டுடறேன்டா, இந்த வருஷம் மட்டுமில்ல" என்றார் வெண்டல்.

நவம்பர் கடைசியில், நன்றிப் பெருநாள் கழித்து வரும் திங்கள்கிழமை வேட்டை தொடங்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே இருவரும் முகாமுக்குப் போனார்கள். முகாமுக்குப் பின்னாலிருந்த சரளைப் பள்ளத்தின் அந்தக் கோடியில் காகிதத் தட்டைக் குறியாக நிறுத்தி, இந்தக் கோடியில் துப்பாக்கியைத் தாங்க ஒரு மேஜைமேல் மணல்பைகளை அடுக்கினார்கள்.

"நீ முதல்ல சுடு. அவளுக்கு அண்ணன் நீதானே."

ஹார்லன் நான்கு முறை சுட்டார். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு பாட்டில் மூடி போதும், நான்கையும் மறைக்க.

"பாத்தியா! குழல்தான்டா, குழல்தான்!" வெண்டல் அவர் முதுகில் அறைந்தார்.

"மெதுவா மச்சான், என் எலும்புக்கெல்லாம் தபால்ல மாத்து வராது."

பிறகு வெண்டல் உட்கார்ந்தார். நான்கு துளைகள் தட்டின் கீழே இடப்புறமாகச் சிதறின. குழல் சூடாகிவிட்டது என்றார். ஆறவிட்டு மறுபடி சுட்டார். அதே இடப்புறம், அதே சிதறல். மூன்று வருஷமாக அவர் பார்த்த சிதறல்.

ஹார்லன் துப்பாக்கியை வாங்கி முதுகைக் காட்டிக்கொண்டு போல்ட்டை மூடித் தந்தார். "இன்னொண்ணு சுடு."

வெண்டல் மூச்சை அடக்கி விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. வெறும் 'டிக்'. உள்ளே தோட்டா இல்லை. ஆனால் குழலின் முனை, தோட்டா வெடித்ததுபோலவே, இடப்புறம் கீழே வெட்டி இழுத்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

வெண்டல் தன் வலது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். சட்டைப் பித்தான் போட அது மறுக்கத் தொடங்கி நாளாகிவிட்டது. மாட்டு மேய்ப்பர்கள் போடும் அழுத்துபித்தான் சட்டைக்கு அவர் மாறியதை லோர்னா கேலி செய்திருக்கிறாள். "மாட்டு மேய்ப்பன் ஆயிட்டியா கிழவா?" என்பாள்.

"எப்படா தெரியும் உனக்கு?"

"போன வருஷமே நீ சிந்தாம இருக்க உன் கிண்ணத்துல பாதிதானே காபி ஊத்தினேன், மச்சான்."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

பனி தூறத் தொடங்கியது. வெண்டல் எழுந்து முகாமுக்குள் போனார். ஹார்லன் தட்டையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தபோது, அவர் அடுப்புக்கு முன்னால் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். கையில் தடித்த மைப்பேனா. முதல் துண்டில் லோர்னாவின் பெயரை அடித்துவிட்டிருந்தார்.

"இறங்கு மச்சான். நான் எழுதித் தர்றேன்."

"முக்காலியைப் பிடி, போதும்."

ஹார்லன் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். எழுத்துகள் துணியில் கோணிக்கொண்டு கீழே இடப்புறமாகவே இழுபட்டன. வெண்டல் தன் பெயரை மூன்று துண்டுகளிலும் எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.