தொழிலாளிகளிடம் சொல்லும்வரை

பன்னாட்டுக் கணக்கியல் விதிகளை வகுக்கும் அமைப்பில் வேலை செய்கிறேன். கம்பெனி கணக்கு அதிகாரிகளுக்கு அந்த விதிகளைப் பயிற்சி வகுப்பில் விளக்குவேன்.

ஒரு வகுப்பின் தேநீர் இடைவேளையில் ஒருவர் தணிந்த குரலில் கேட்டார். "சார், ஃபேக்டரியை மூட முடிவு பண்ணியாச்சு. ஒர்க்கர்ஸ்கிட்ட இன்னும் சொல்லல. மூடுற செலவை இந்த வருஷக் கணக்குல காட்டணுமா?"

"சொல்றவரைக்கும் காட்ட வேண்டியதில்ல" என்றேன். விதி அப்படித்தான். பிறகுதான் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். என் தங்கையின் கணவர் வேலை செய்யும் எண்ணூர் கம்பெனி.

வகுப்பில் கேட்பதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை கேட்டார்.

"மாதவரத்துல ஒரு கம்பெனில வேலைக்குக் கூப்புடுறாங்க மச்சான். போவட்டா, இங்கயே இருக்கட்டா? இன்னா சொல்ற?"

வஞ்சிர மீனில் முள்ளைத் தேடிக்கொண்டே, "உங்க இஷ்டம் மாப்ள" என்றேன். அவர் போகவில்லை.

சில மாதங்களில் எண்ணூர் கேட்டில் பூட்டுத் தொங்கியது. மாப்பிள்ளை என்னிடம் கோபப்படவில்லை. "உனுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போவச் சொல்லிருப்ப மச்சான்" என்றார்.

அந்த விதியை இன்றும் விளக்குகிறேன். இடைவேளையில் மட்டும் யார் கழுத்து அட்டையையும் பார்ப்பதில்லை.